கஞ்சிக்கோட்டுக்கு வந்த அரைவட்டம்

கோவையிலிருந்து வாளையாரைத் தாண்டினால் கஞ்சிக்கோடு. 1976-இல் இங்கே ஐ.டி.ஐ. வந்தது. தொழிற்பயிற்சி நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசின் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை. எலக்ட்ரானிக் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்த இடம். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் இடுக்கி நீர்மின் நிலையமும் ஓடத் தொடங்கியது. இரண்டு இடத்து வேலைக்கும் அடியில் ஒரே தர்க்கம். அதன் முகம், முதுகு நேராகவும் முன்பக்கம் வளைந்தும் இருக்கும் ‘அண்ட் கேட்’.

இந்தத் தர்க்கத்துக்கும் டெலிபோனுக்கும் பழைய உறவு உண்டு. சரி, தவறு என்பதைக் கணக்காக்கியவர் ஜார்ஜ் பூல், 1854-இல். அதை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்த ரிலே சுவிட்சுகளில் பொருத்திக் காட்டியவர் கிளாட் ஷானன், 1937-இல், எம்.ஐ.டி. மாணவராக. இரண்டு ரிலேக்களைத் தொடராக இணைத்தால் இரண்டும் மூடினால்தான் மின்சாரம் போகும்: அண்ட். பக்க இணைப்பில் ஒன்று மூடினாலே போதும்: ஆர். ஆனால் ஷானன் வரைந்தது சுவிட்சுகளைத்தான். இன்று நாம் பார்க்கும் வளைவுகளை ஊரறியச் செய்தது அமெரிக்க ராணுவத்தின் 806பி தரக்குறிப்பு, 1962-இல். ஐ.சி. கம்பெனிகளின் டேட்டா ஷீட்டுகள் வழியே அது உலகம் சுற்றியது. ஐரோப்பியர்களுக்கு வளைவு பிடிக்கவில்லை; சதுரப் பெட்டிக்குள் & போட்டால் அண்ட், ≥1 போட்டால் ஆர் என்றார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வரைய எளிது.

இடுக்கி நிலையத்துக்கு வருவோம். மூலமற்றத்தில், பாறைக்குள் இருக்கும் அதன் பவர் ஹவுஸில், 130 மெகாவாட் மெஷின்கள் ஆறு. இப்படிப்பட்ட மெஷினைக் கிளப்ப பிரேக் விலகியிருக்க வேண்டும், கவர்னருக்கு எண்ணெய் அழுத்தம் வேண்டும், குளிர்நீர் ஓட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிளம்பாது, அண்ட். நிறுத்துவதற்கோ ஏதாவது ஒரு கோளாறு போதும், ஆர்.

இந்தச் சின்னங்களைப் படிக்கையில் மாணவர்கள் தடுமாறுவது வளைவில் அல்ல, நுனியில் ஒட்டியிருந்து ஹையை லோவாகவும் லோவை ஹையாகவும் புரட்டும் குட்டி வட்டத்தில். 7400 ஐ.சி.யை எடுங்கள்: 14 கால், உள்ளே நான்கு நேண்ட் கேட். 1, 2-ஆம் கால்கள் உள்ளீடு, 3 வெளியீடு. இரண்டு உள்ளீடும் ஹை என்றால் 3 லோ. இதை அண்ட் வடிவத்தின் வெளியீட்டில் வட்டம் போட்டு வரையலாம். ஆர் வடிவத்தின் உள்ளீடுகளில் வட்டம் போட்டும் வரையலாம்: ஏதாவது ஒன்று லோ என்றால் 3 ஹை. டி மார்கன் விதிப்படி இரண்டும் ஒன்றுதான். எதைக் கவனிக்கச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து வரைபவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அதனால் வரைபடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்; வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.