பாச்சா உருண்டையும் கே. எஸ். கிருஷ்ணனும்

நம்மூர் டேன்ஸ்பர்க் கோட்டையில் டென்மார்க் கொடி பறந்துகொண்டிருந்த 1820-ம் ஆண்டில், அந்நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர், கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்திலிருக்கும் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரம் என்றால் இன்றும் நமக்குக் கம்பிதான் நினைவுக்கு வரும். ஆனால் பேரப்பிள்ளைகள் கையிலுள்ள பல செல்போன்களின் ஒளிரும் திரையிலும், ஜெராக்ஸ் கடை இயந்திரத்தின் உருளையிலும் மின்சாரம் கார்பன் சேர்மங்களால் ஆன மெல்லிய பூச்சு வழியாகச் செல்கிறது. இந்தக் கதையின் ஆரம்பப் பக்கங்களில் ஒரு தமிழர் இருக்கிறார்.

கே. எஸ். கிருஷ்ணன், 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். ராமன் விளைவைக் கண்டபோது கூட இருந்தவர் என்ற ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறோம். எனக்கு இது வெகுநாளாக உறுத்தல். 1928-க்குப் பிறகு டாக்காவிலும், அப்புறம் கல்கத்தாவிலும் அவர் செய்தது அவருடைய சொந்த வேலை. நாப்தலீன் (பீரோவில் போடுகிறோமே, அதே பாச்சா உருண்டைச் சரக்குதான்), ஆந்த்ரசீன் போன்றவற்றின் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எப்படித் திரும்புகின்றன என்று அளந்தார். தட்டையான மூலக்கூறுகள் படிகத்துக்குள் எந்தச் சாய்வில் அடுக்கியிருக்கின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. 1936-ல் காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் சேர்ந்து இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார்.

அடுக்கு எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். நடவு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வரிசையாக நின்றால் நாற்றுமுடி கைக்குக் கை மாறி ஓடும். ஒருவர் வரப்பில், ஒருவர் முழங்கால் சேற்றில், இன்னொருவர் எட்டாத தூரத்தில் என்று தாறுமாறாக நின்றால் வீசித்தான் ஆகவேண்டும். மேட்டில் நிற்பவருக்கு வீச வலு வேண்டும். பள்ளத்தில் நிற்பவர் கையில் முடி அப்படியே தங்கிவிடும். திரைப் பூச்சில் மூலக்கூறுகள் இப்படித்தான் தாறுமாறாகக் கிடக்கின்றன. மின்னூட்டம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் போகிறது. தாவுவதற்கு வலு தருவது வெப்பம். அதனால் சூடு ஏறினால் வேகம் கூடும், குளிர்ந்தால் திணறும். வேகமும் சிலிக்கானோடு ஒப்பிட்டால் லட்சம் மடங்குக்கும் கீழே. பூச்சு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாததால்தான் காரியம் நடக்கிறது.

ஒழுங்கான படிகத்தில் கதை நேர்மாறு. 1985-ல் ஜெர்மனியில் வார்ட்டா, கார்ல் என்ற இருவர் மிகமிகத் தூய நாப்தலீன் படிகத்தைக் குளிர்வித்துப் பார்த்தார்கள். குளிரக் குளிர மின்னூட்டம் வேகமெடுத்தது! கிருஷ்ணன் இழையில் தொங்கவிட்டாரே, அதே பொருள்.

ஒழுங்கில்லாத பொருளையும் கிருஷ்ணன் விட்டுவைக்கவில்லை. 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகம் போனவர், அங்கே மாணவர் ஏ. பி. பாட்டியாவுடன் உருகிய உலோகத்தின் மின்தடையைக் கணக்கிட முனைந்தார். அதில் அணுக்களுக்கு வரிசை கிடையாது. எக்ஸ் கதிர் அந்தத் திரவத்தில் சிதறுவதைப் போலத்தான் எலெக்ட்ரான் அலையும் சிதறும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அங்கே எலெக்ட்ரான் தாவுவதில்லை, முட்டி மோதி ஓடுகிறது. ஒழுங்கின்மை ரொம்பவும் மிஞ்சினால் அது ஒரே இடத்தில் முடங்கிவிடும் என்பதை அமெரிக்காவின் ஆண்டர்சன் 1958-ல் காட்டினார். அவருக்கு 1977-ல் நோபல் கிடைத்தது.

உருகிய உலோகங்களுக்கு இன்று பாடநூல்களில் இருப்பது ஜான் ஜைமன் 1961-ல் எழுதிய கோட்பாடு. அதன் அடிப்படை எண்ணம் அலகாபாத் கணக்கில் ஏற்கெனவே இருந்தது. அதே 1961 ஜூன் மாதம் கிருஷ்ணன் டெல்லியில் காலமானார்.