கப்பல் முதல் கப் வரை

மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் அறுவடையாகிக் கப்பலேறி வருகிறது. ஜொகூரில் மாவு ஆலை இருப்பது துறைமுக நகரமான பாசிர் கூடாங்கில். கப்பலில் இருக்கும்வரை கோதுமைக்குக் கணக்கு டன்தான்.

ஆலையில் கோதுமை மணியின் மேல் தண்ணீர் தெளித்துச் சில மணி நேரம் ஊறவிடுவார்கள். தவிடு பதமாகி, பொடியாகாமல் பெரிய செதிலாகப் பிரியும். எவ்வளவு தண்ணீர் என்பதையும் கோதுமையின் எடையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். பிறகு உருளைகள் உடைக்கும், சல்லடைகள் சலிக்கும். மாவு 25 கிலோ மூட்டையாகவும் 1 கிலோ பொட்டலமாகவும் வெளியே வரும். மளிகைக் கடையில் அந்தச் சாதாரண 1 கிலோ மாவுக்கு அரசு பல ஆண்டுகளாகக் கட்டுப்படுத்தி வைத்த விலை 1 ரிங்கிட் 35 சென். அதுவும் கிலோவுக்குத்தான்.

மூட்டை போகும் இடங்களிலும் தராசுதான் ஆட்சி. ஜொகூர் பாருவில் டான் ஹியோக் நீ சாலையின் ஹியாப் ஜூ பேக்கரி 1919 முதல் இருக்கிறது. தோபி சாலையின் சலாஹுடின் பேக்கரி 1937 முதல். அவை தொடங்கிய காலத்தில் கடைத்தெருவின் எடை காட்டி. ஒரு காட்டி ஏறக்குறைய 605 கிராம். 1972-இல் எடை அளவுச் சட்டம் வந்தது, காட்டி மெல்ல விலகிக் கிலோ வந்தது. எடை மாறினாலும் எடைபோடும் வழக்கம் மாறவில்லை. ரொட்டி சுடுபவர்கள் மாவை 100 என்று வைத்துக்கொண்டு தண்ணீர், உப்பு, ஈஸ்ட் எல்லாவற்றையும் அதன் விழுக்காடாகக் கணக்கிடுகிறார்கள்.

இப்படி வழி நெடுக எடையாகவே வந்த மாவு, நம் சமையலறை வாசலைத் தாண்டியதும் கப்பாகிவிடுகிறது. இல்லையென்றால் பால் டின்னாகிவிடுகிறது.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. மாவைக் கரண்டியால் அள்ளி ஒரு கப்பில் மெதுவாகப் போட்டுக் கத்தியால் வழித்தால் ஏறத்தாழ 120 கிராம் வரும். அதே கப்பைப் பொட்டலத்துக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வரும். 3 கப் போடும் கேக்கில் ஒரு வீட்டில் 360 கிராம், பக்கத்து வீட்டில் 450 கிராம். அந்த 90 கிராம் போதும், கேக் மேலே பிளந்து உள்ளே வறண்டுபோக. கையில் குறையில்லை, அடுப்பிலும் குறையில்லை. மாவுக்குள் காற்று இருக்கிறது; சலித்தால் கூடும், அடுக்கின் அடியில் கிடந்தால் குறையும். சீனி, பால், எண்ணெய் எல்லாம் கப்பில் அளந்தாலும் பெரிதாக ஏமாற்றாது. மாவு ஏமாற்றும்.

கப்பும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் 237 மில்லிலிட்டர், மெட்ரிக் கப் 250. பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூல் தலைதட்டி அளக்கும் பழக்கத்தைப் பரப்பியது. அதற்கு முன் பெரும்பாலும் கை போன போக்குத்தான். ஆனால் தலைதட்டினாலும் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்பது கப்புக்குத் தெரியாது.

பால் டின்னின் கதை இன்னும் சிக்கல். 397 கிராம் கெட்டிப்பால் அடைத்த டின்னில் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் பிடிக்கும். இன்று கடையில் பார்க்கும் 500 கிராம் டின் அதைவிடப் பெரிது. அம்மா எழுதிவைத்த ‘3 டின் மாவு’ எந்த டின்னில்?

இதைக் கேட்டு வைத்துக்கொள்ள இதுதான் நேரம். அடுத்த தீபாவளிப் பலகாரத்துக்கு முன் அந்தப் பழைய டின்னைத் தேடி எடுங்கள். சமையலறைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். அம்மாவையே எப்போதும் போல மாவை அள்ளிப் போடச் சொல்லுங்கள். மூன்று முறை அள்ளவைத்துச் சராசரி பாருங்கள். அந்தக் கிராமை நோட்டின் ஓரத்தில், அவர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.