வாசலில் காத்திருக்கும் நாயும் கண்ணுக்குத் தெரியாத நோயும்

வெள்ளிக்கிழமைகளில் கஹ்ஃப் அத்தியாயத்தை ஓதுவது நம் இல்லங்களில் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். ஓதும்போது குகைத் தோழர்களுடன் சென்ற ஒரு நாயையும் நாம் சந்திக்கிறோம். அவர்கள் உறங்கிக் கிடந்தபோது, அது குகையின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததாக 18ஆம் வசனம் அறிவிக்கிறது. அவர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கித்ததைச் சொல்லும் 22ஆம் வசனத்திலோ, ஒவ்வொரு கணக்கிலும் அந்த நாயும் சேர்த்தே எண்ணப்படுகிறது.

இன்று ஒரு முஸ்லிம் சகோதரி நாயுடன் நம் பள்ளிவாசலின் முன் வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? அவருக்குப் பார்வை இருக்கிறது; நடையில் தடுமாற்றம் இல்லை; பார்ப்பதற்கு நலமாகவே இருக்கிறார். அந்த நாய் எதற்கு என்று நம் மனம் உடனே ஐயுறும். அந்த ஐயத்திற்கு நம் வரலாறு என்ன விடை தருகிறது என்பதை இங்கே காண்போம்.

நாயைப் பற்றிய சட்டங்கள் நாம் அறிந்தவையே. அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றில் ஒரு முறை மண்ணைக் கொண்டு கழுவ வேண்டும். காரணமின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. வேட்டை, கால்நடை, விளைநிலம் ஆகியவற்றுக்காக வளர்ப்பதற்கு நபிமொழிகளிலேயே விலக்கும் உண்டு. பயிற்சி பெற்ற வேட்டை விலங்கு பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தம் தோல் காலுறையில் நீர் முகந்து கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த செய்தி புகாரியில் இடம்பெறுகிறது.

வீட்டுக் காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரும் ஹிஜ்ரி 676இல் மறைந்தவருமான இமாம் நவவீ (ரஹ்), அனுமதி உண்டு என்ற கருத்தையே வலுவானதாகக் கொண்டார்கள். நபிமொழியில் சொல்லப்பட்ட விலக்குகளுக்குக் காரணம் தேவை. அதே தேவை வேறிடத்தில் இருந்தால் சட்டமும் அங்கே பொருந்தும் என்பது அவர்களின் விளக்கம்.

தேவை என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரிவதன்று. இதற்கு நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே சான்று உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒருமுறை தம் மாணவர் அதாவிடம், சொர்க்கவாசியான ஒரு பெண்மணியைக் காட்டட்டுமா என்று கேட்டு, ஒரு கறுப்பினப் பெண்மணியைச் சுட்டிக்காட்டினார்கள். அப்பெண்மணிக்கு வலிப்பு நோய் இருந்தது. வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டு, தமக்காகப் பிரார்த்திக்குமாறு வேண்டினார். பொறுமை காத்தால் சொர்க்கம் உண்டு, விரும்பினால் நலம் வேண்டிப் பிரார்த்திக்கிறேன் என்று நபியவர்கள் இரு வழிகளைக் கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். ஆனால் ஆடை மட்டும் விலகாதிருக்க வேண்டும் என்று கேட்டார். அதற்காக நபியவர்கள் பிரார்த்தித்தார்கள்.

இந்த நிகழ்வில் நாம் கருத வேண்டியவை இரண்டு. அவர் நோயை நிரூபிக்குமாறு கேட்கப்படவில்லை. சொன்ன சொல் அப்படியே ஏற்கப்பட்டது. மேலும், நோயோடு வாழ ஒப்புக்கொண்ட பிறகும், பிறர் முன்னிலையில் தம் மானம் காக்கப்பட வேண்டும் என்று அவர் கேட்டார். அந்த வேண்டுகோளும் மதிக்கப்பட்டது.

பிறர் துணையைச் சார்ந்திருப்பதும் அன்று இழிவாகக் கருதப்படவில்லை. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னவர்களில் ஒருவர். விடிந்துவிட்டது என்று மக்கள் அறிவித்த பின்னரே அவர் பாங்கு சொல்வார். பிறர் கண்களைச் சார்ந்திருந்ததால் அப்பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்படவில்லை.

மனிதருக்குத் துணையாக நாயை முறையாகப் பயிற்றுவிக்கும் பணி முதல் உலகப் போரின்போது தொடங்கியது. போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக, 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் வழிகாட்டி நாய்களுக்கான பள்ளியை நிறுவினார். 1928இல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்து சென்று, 'பட்டி' என்ற நாயுடன் திரும்பினார். நியூயார்க்கின் நெரிசல் மிகுந்த சாலையொன்றைச் செய்தியாளர்கள் கண்முன்னே அதன் துணையுடன் கடந்து காட்டினார். மறு ஆண்டே அமெரிக்காவில் 'சீயிங் ஐ' என்ற பயிற்சி நிறுவனம் உருவாயிற்று. ஆயினும் உணவகங்களிலும் இரயில்களிலும் நாய்க்கு அனுமதி பெற அவர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

பின்னர் இத்துணை பிற குறைபாடுகளுக்கும் விரிந்தது. பிரிட்டனில் 1982இல் செவித்திறன் குறைந்தோருக்கான நாய்களைப் பயிற்றுவிக்கும் பணி தொடங்கியது. அழைப்பு மணியோ குழந்தையின் அழுகையோ கேட்டால், நாய் தன் உரிமையாளரைத் தொட்டு ஒலி வரும் இடத்திற்கு அழைத்துச் செல்லும். சர்க்கரை நோயாளியின் இரத்தச் சர்க்கரை மாறும்போது ஏற்படும் மணத்தை உணர்ந்து எச்சரிக்க சில நாய்கள் பயிற்றுவிக்கப்படுகின்றன. வலிப்பு வந்து விழுந்தவரின் அருகிலேயே இருந்து குரைத்து உதவிக்கு ஆள் அழைக்கின்றன சில. போரின் அதிர்ச்சியால் கொடுங்கனவில் தவிக்கும் வீரரை எழுப்புகின்றன வேறு சில.

பார்வையற்றவரின் நாயைக் கண்டால் அதன் பணி எவருக்கும் விளங்கும். இவர்களின் நாய்க்கு அந்த வசதி இல்லை. 'உங்களைப் பார்த்தால் நோயாளி போலவே தெரியவில்லையே' என்ற சொல்லை இவர்கள் ஒவ்வொரு வாசலிலும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகள் இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளன. தேவை வெளிப்படையாகத் தெரியாதபோது கடைக்காரர் இரண்டு கேள்விகள் மட்டுமே கேட்கலாம்: உடற்குறையின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? எந்தப் பணிக்கு அது பயிற்சி பெற்றுள்ளது? நோயின் விவரத்தையோ சான்றிதழையோ கேட்க அவருக்கு உரிமை இல்லை.

முஸ்லிம் சமுதாயமும் இக்கேள்வியை எதிர்கொண்டது. 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பார்வையற்ற முஸ்லிம் மாணவர் ஒருவர் வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர விரும்பினார். பிரிட்டனின் முஸ்லிம் ஷரீஅத் கவுன்சில் அதற்கு இசைவான மார்க்கத் தீர்ப்பை வழங்கியது. தொழுகைக் கூடத்திற்குள் நாய் செல்வதில்லை. அவர் தொழுது முடிக்கும்வரை நுழைவாயிலருகே அதற்கென ஒதுக்கிய இடத்தில் காத்திருக்கும். தூய்மையின் சட்டமும் பேணப்பட்டது. தொழ வந்தவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. குகைத் தோழர்களின் நாயும் வாசலிலேதான் இருந்தது என்பதை இங்கே நினைவுகூர்கிறோம்.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய பகுதிகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் உடல் முழுவதும் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சிலே நஜீஸ். மாலிகி மத்ஹபில் நாய் தூய்மையானதே. கண்டிப்பான ஷாஃபிஈ சட்டத்திலும், இரு பக்கமும் உலர்ந்திருந்தால் தொடுவதால் நஜீஸ் ஒட்டாது. ஈரம் பட்ட இடத்தை, ஒரு முறை மண்ணைக் கொண்டு கழுவுவது உட்பட ஏழு முறை கழுவினால் தூய்மையாகிவிடும். ஆகவே உதவி நாயுடன் வாழ்பவருக்குத் தொழுகை அரிதாகிவிடுவதில்லை. தொழும் ஆடையைத் தனியே வைத்துக்கொள்ளலாம். நாய்க்கு வீட்டில் ஓர் இடத்தை வரையறுக்கலாம். ஐயம் வரும் இடத்தில் தம் ஊர் ஆலிமை அணுகலாம்.

இத்தகைய நாய்கள் நம் ஊர்களில் அரிது. ஆனால் இலண்டனிலும் டொரண்டோவிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நாளை அவை தேவைப்படலாம். கண்ணுக்குத் தெரியாத நோய்களோ இப்போதே நம் வீடுகளில் உள்ளன. 1995ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொன்றை அங்கீகரித்தது. ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு போன்று பார்வைக்குப் புலப்படாதவை அவற்றுள் பல. சட்டம் கண்டுகொண்டதை நாம் இன்னும் மறைக்கிறோம். மகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சி வலிப்பு நோயை உறவினரிடமும் சொல்லாத பெற்றோர் நம்மிடையே உண்டு. அந்தப் பெண் கூட்டத்தின் நடுவே விழும்போது அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அருகில் இருப்பவர் எவருக்கும் தெரிவதில்லை.

அந்தக் கறுப்பினப் பெண்மணி தம் நோயை அல்லாஹ்வின் தூதரிடம் வெளிப்படையாகச் சொன்னார். நம் மகளும் அஞ்சாமல் சொல்லும் நிலை நம் வீட்டில் இருக்க வேண்டும். அவள் சொன்னால் நம்ப வேண்டும். துணைக்கு மனிதரோ நாயோ எது வந்தாலும், வாசலில் அதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். பிறர் வேதனையை, அது கண்ணுக்குத் தெரியாதபோதும், உணரும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.