அரிக்கேன் முதல் எல்இடி வரை: இருக்கன்குடிச் சாலையின் பின்விளக்குகள்

பின்விளக்கு, பின்னால் வருகிறவர்களுக்காக எரியும் விளக்கு. அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையே அமைந்த இருக்கன்குடிக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைக் காண வரும் பாதயாத்திரைக் கூட்டமும் வேன்களும் இரவில் ஒரே சாலையில்தான் வந்தாக வேண்டும்.

மாட்டு வண்டி கட்டி வந்த காலத்தில், வண்டிக்கு அடியில் அச்சுக்குப் பக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அதே மஞ்சள் வெளிச்சம்தான். திரி கருகும், சிம்னி கரி பிடிக்கும். துடைத்துவிட்டால் பழுது தீர்ந்தது.

மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911இல் மோட்டார் தொழிலில் இறங்கிய காலத்தில் உலகெங்கும் கார்களின் பின்விளக்கு பெரும்பாலும் எண்ணெய் விளக்குதான். 1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் சேர்த்தே கொண்டுவந்தது. பிறகு இழை பல்புகள் பல பத்தாண்டுகள் கோலோச்சின. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: இரவு முழுக்க எரிய 5 வாட், பிரேக் மிதித்தால் 21 வாட். அவற்றின் பெரிய தொல்லை எர்த் கோளாறு. எர்த் வயர் துருப்பிடித்தால் மின்சாரம் பக்கத்து இழை வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் மிதிக்கும்போது சம்பந்தமில்லாத விளக்கு மங்கலாக எரியும்.

நிக் ஹோலோன்யாக் 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை உருவாக்கினார். 2000ஆம் ஆண்டு மாடல் காடிலாக் டிவில் காரில் பின்விளக்கே எல்இடி ஆனது. இழை சூடேறிப் பிரகாசிக்க ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டிக்கு அது ஐந்தரை மீட்டர் மிச்சம். நடந்து போகிற கூட்டத்துக்குப் பின்னால் அந்த ஐந்தரை மீட்டர் ஓர் உயிர்.

பழைய ஹோல்டரில் எல்இடி பல்பைச் செருகியபோதுதான் புதிய பழுதுகள் முளைத்தன. வயரிங் முழுவதும் இழையின் கரண்டை எண்ணிப் போட்டது. எல்இடி இழுப்பதோ இரண்டு மூன்று வாட். பல்ப் பியூஸ் ஆகிவிட்டது என்று பிளாஷர் நினைத்து இண்டிகேட்டரைப் படபடவென்று அடிக்க வைக்கும். பழைய வெப்பப் பிளாஷரானால் அடிக்காமலே நின்றுவிடும். பல எல்இடிகள் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. கழற்றித் திருப்பிப் போட வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி வெளிறிய இளஞ்சிவப்பாகத்தான் தெரியும், ஏனெனில் அதன் ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு. அங்கே சிவப்பு எல்இடியே போட வேண்டும். ஒரே பல்ப் நம்பர் பிளேட்டுக்கும் ஒளி தரும் பைக்குகளில் இது சிக்கல்: 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பிளேட்டுக்கு வெள்ளை ஒளியைத்தான் கேட்கின்றன.

வேகமாக அடிக்கும் இண்டிகேட்டருக்குக் கடைகளில் 6 ஓம் ரெசிஸ்டரை இணைத்துவிடுவது வழக்கம். அது 24 வாட்டுக்குக் குறையாமல் வெப்பமாகக் கொட்டி, எல்இடி மிச்சம் பிடித்ததை அழித்துவிடுகிறது. எல்இடிக்கென்றே வரும் எலக்ட்ரானிக் பிளாஷரே சரியான மருந்து. தனிப் பிளாஷர் இல்லாத புதிய கார்களில் மட்டுமே ரெசிஸ்டருக்கு இடமுண்டு. அதையும் பிளாஸ்டிக்கில் படாமல் இரும்புத் தகட்டில் முடுக்க வேண்டும்.