கட்டிளமைப் பருவ ஓமோன்களும் அரசியல் வன்முறையும்: யாழ்ப்பாணக் குடாநாடு

கட்டிளமைப் பருவத்து ஓமோன் மாற்றங்கள் அரசியல் வன்முறைக்கு எவ்வளவு தூரம் காரணமாகின்றன என்பது உயிரியலும் உளவியலும் சேர்ந்து ஆராயும் கேள்வி. பாடசாலை வயதினர் ஆயுத இயக்கங்களில் சேர்ந்த யாழ்ப்பாணத்தின் வரலாறு, ஓமோனைத் தனிக் காரணமாகக் காட்ட இடந்தருவதில்லை.

ஆண்பிள்ளைகள் பருவமடையும்போது டெஸ்டோஸ்டிரோன் பத்து மடங்குக்கு மேல் உயர்கிறது. ஆனால் அதன் அளவுக்கும் மூர்க்கத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. சகபாடிகளிடையே மதிப்பைத் தேடவும் அவமதிப்பை உடனே எதிர்க்கவும் அது தூண்டுகிறது என்பதே ஆய்வுகள் கூடுதலாக ஆதரிக்கும் விளக்கம். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி முதிர்வதற்கு 25 வயது வரை செல்லும்.

மதிப்பு எதனால் கிடைக்கும் என்பதை ஊரும் காலமுமே தீர்மானிக்கின்றன. 1924இல் உருவாகிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற மாணவர் அமைப்பு காந்திய வழியில் நின்றது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. சாதிப் பாகுபாட்டை எதிர்த்தது. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. அந்த இளைஞர்களின் உடலிலும் ஓடியது இதே ஓமோன்தான்.

1970களில் நிலைமை மாறியது. பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தலின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்கள மாணவருக்கு 229 போதுமாயிற்று. இரவிரவாகப் படித்த பிள்ளைக்கு இது தன் மேல் விழுந்த அடி. உரும்பிராய் பொன். சிவகுமாரன், 1970இல் உதவி அமைச்சர் ஒருவரின் காருக்குக் குண்டு வைத்த சம்பவத்தில் தொடர்புபட்டபோது 20 வயது இளைஞர். 1974 ஜனவரி 10இல் யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்வில் பொலிஸ் நடவடிக்கையால் பொதுமக்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூன் 5இல், பொலிஸார் சுற்றிவளைத்தபோது சிவகுமாரன் சயனைட் உண்டு இறந்தார். பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கமில்லாத ஊரில் அன்று பெண்களும் ஊர்வலமாகச் சென்றார்கள். ஆயுதம் ஏந்தியவனுக்கு ஊர் கொடுத்த அந்த மரியாதையைப் பார்த்தபடிதான் அடுத்த பெடியள் வளர்ந்தார்கள்.

பெண்பிள்ளைகளின் பங்கு ஓமோன் விளக்கத்தை மேலும் தளர்த்துகிறது. அவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. ஆயினும் தமிழருக்கு எதிரான 1983 யூலைக் கலவரத்தின் பின் அவர்களும் இயக்கங்களுக்குப் போனார்கள். 1987 ஒக்டோபர் 10இல் கோப்பாயில் இந்தியப் படையுடனான சண்டையில் இறந்த விடுதலைப் புலிகள் இயக்கப் போராளி மாலதிக்கு வயது 20.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், சிறுவர் போராளிகளைப் பற்றி 2002இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். உறவினரின் மரணம், வீடிழப்பு, இடப்பெயர்வு, வறுமை ஆகியன பிள்ளைகளைத் தள்ளின; பிரசாரமும் சாகச ஆசையும் இழுத்தன என்பது அவர் கணிப்பு. விரும்பிப் போனவர்கள் மட்டுமல்ல, கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. முதிராத வயதை அறிந்தே பெரியவர்கள் பயன்படுத்தினார்கள் என்பதால், பழி பிள்ளையின் உடலுக்குரியதல்ல. 18 வயதுக்குட்பட்டோரை ஆயுத மோதலுக்குச் சேர்ப்பது, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சேர்ப்பவர் செய்யும் குற்றமாகும்.