பிசிறு வெட்டியவர்கள்

ஸ்வெட்டரின் அக்குளிலும் கைமடிப்பிலும் பிசிறு திரண்டு சின்னச் சின்ன உருண்டைகளாக நிற்கும்போது, துவைத்த முறை சரியில்லை என்றோ உடுத்தியவர் பக்குவமாக வைத்துக்கொள்ளவில்லை என்றோதான் வீட்டில் பேச்சு எழும். கம்பளித் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், அந்தப் பழி விழ வேண்டிய இடம் வேறு என்பது தெரியும். துணியின் முகத்தில் எழும் பிசிறை வெட்டிச் சீராக்குவது பல நூற்றாண்டுகள் உற்பத்தியின் ஒரு கட்டமாக இருந்தது. தேர்ந்த கைகள் கூலி வாங்கிக்கொண்டு அதைச் செய்தன. இன்று அந்த வேலை, பேட்டரியில் ஓடும் ஒரு சிறு கருவியோடு, துணியை வாங்கியவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

வெட்டப்பட்டதெல்லாம் தறியில் நெய்த துணிதானே, பின்னலாடைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பின்னல் தொப்பிகள் இதற்கு விடை. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து அத்தகைய தொப்பிகள் கிடைத்திருக்கின்றன. ஊசியால் தளர்வாக, பெரிதாகப் பின்னுவார்கள். பிறகு ஈரத்தில் மிதித்தும் அடித்தும் சுருங்க வைப்பார்கள். இழைகள் ஒன்றையொன்று கவ்விக் கெட்டியானதும், டீசல் என்ற செடியின் கொக்கிமுள் நிறைந்த காய்ந்த பூந்தலையால் தடவிப் பிசிறை மேலே எழுப்பி, கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டுவார்கள். பின்னலின் கண்ணிகளே தெரியாத வழவழப்பு அப்படித்தான் வந்தது. இந்தத் தொழிலைக் காப்பாற்றுவதற்காக 1571-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், உயர்குடியினர் போன்ற சிலர் நீங்கலாக, ஞாயிறும் திருநாளும் கம்பளிப் பின்னல் தொப்பி அணிய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். தொப்பியை நம்பிப் பிழைக்கும் கைத்தொழில்களை அந்தச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. நூற்பவர், பின்னுபவர், சாயம் போடுபவர் ஆகியோருடன் பிசிறு வெட்டுபவருக்கும் அதில் இடமுண்டு. மக்கள் புதுப் பாணித் தொப்பிகளுக்கு மாறிவிட, 1597-இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனாலும் பின்னிய பொருள் பிசிறு வெட்டாமல் முழுமை பெறாது என்று அந்தக் காலம் கருதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நெய்த கம்பளியில் இந்த வேலை இன்னும் பெரிய தொழிலாக வளர்ந்தது. யார்க்‌ஷயரில் இதைச் செய்தவர்களுக்குக் கிராப்பர்கள் என்று பெயர். நான்கடி நீளம், ஏறத்தாழ 18 கிலோ எடை கொண்ட கத்தரியை, வளைவான திண்டின் மேல் விரித்த துணியில் கிடத்தி, அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். வருடக்கணக்கில் அந்தக் கைப்பிடியைத் தாங்கிய மணிக்கட்டில் தடித்த காய்ப்பு ஏறிவிடும். அதைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடலாம். கை சற்றுத் தவறினாலும் மாதக்கணக்கான உழைப்பு கிழிந்து போகும் என்பதால் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூலி கூடுதல். பிசிறு எழுப்பும் இயந்திரத்தைத் தடுத்த பதினாறாம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று அவர்களுக்கு நெடுங்காலம் அரணாக இருந்தது. 1809-இல் அதுவும் போயிற்று. கத்தரிகளைச் சட்டகத்தில் பூட்டி ஓட்டும் இயந்திரங்கள் ஆலைகளில் பெருகின. 1812 ஏப்ரலில் அங்குள்ள ராஃபோல்ட்ஸ் ஆலையைத் தாக்கிய லுடைட்டுகளில், அதாவது இயந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தவர்களில், முன்னின்றவர்கள் இந்தக் கிராப்பர்கள்தான். அடுத்த ஜனவரியில் யார்க் நகரில், கலகத்தோடு தொடர்புடைய வழக்குகளில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். துணியின் மேல் நிற்கும் மயிரிழையளவு பிசிறுக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்று தோன்றலாம். அவர்களுக்கு அந்தப் பிசிறுதான் சோறு.

கைக்கத்தரியின் காலம் அதன்பின் அதிக நாள் நீடிக்கவில்லை. 1815-இல் குளஸ்டர்‌ஷயரின் ஜான் லூயிஸ், திருகு வடிவக் கத்திகள் உருளையில் சுழன்று வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதே வட்டாரத்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங், அந்த அமைப்பைப் புல்லுக்குப் பொருத்தி 1830-இல் புல்வெட்டி இயந்திரத்தை உருவாக்கினார்.

அப்படியானால் வெட்டுவதற்கு இயந்திரம் வந்த பிறகும் வீட்டில் ஏன் இந்தத் தொல்லை? இழைதான் மாறிவிட்டது. உராய்வில் தளர்ந்த இழைமுனைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகின்றன. உள்ளே வேர் பிடித்திருக்கும் சில இழைகள் அதைத் துணியோடு கட்டி வைக்கின்றன. கம்பளி இழை வலுக் குறைந்தது. சில நாளில் அந்தக் கட்டு அறுந்து உருண்டை தானே உதிர்ந்துவிடும். 1930-களின் இறுதியில் நைலானும், 1941-இல் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்ட பாலியஸ்டரும் வந்த பிறகு நிலைமை வேறு. அந்த இழைகள் எளிதில் அறுவதில்லை. உருண்டை விழாமல் தொங்குகிறது. இதோடு, கடையில் தொட்டதும் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக நூலுக்கு முறுக்கைக் குறைத்து, பின்னலையும் தளர்த்துகிறார்கள். வாங்கும்போது மயக்கும் அந்த மென்மைதான் பத்துத் தடவை உடுத்தியபின் உருண்டையாகத் திரள்கிறது.

வெட்டிச் சீராக்கிய உயர்தரக் கம்பளி அன்று வசதியுள்ளவர்களுக்கே எட்டியது, இன்று எல்லோராலும் ஸ்வெட்டர் வாங்க முடிகிறதே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. மலிவைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. குளிரில் நடுங்காத குழந்தை பெரிய விஷயம். ஆனால் மலிவுக்காக எந்தக் கட்டம் கைவிடப்பட்டது என்பதை வாங்குபவருக்குச் சொல்வதில்லை. உடலோடு உரசும் எதுவும் பிசிறு விடத்தானே செய்யும், தயாரிப்பாளர் என்ன செய்வார் என்றும் கேட்கலாம். முழுதாகத் தடுக்க முடியாதுதான், குறைக்க முடியும். திருப்பூரில் பருத்திப் பின்னல் துணிக்குச் செய்யும் பயோ வாஷ் அதற்குச் சாட்சி: செல்லுலேஸ் என்ற நொதி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பருத்தி முனைகளை அரித்து நலிவாக்க, துவைப்பின் அசைவில் அவை உதிர்ந்துவிடும். கிராப்பரின் கத்தரி செய்ததை அங்கே நொதி செய்கிறது. இதற்கு நேரமும் செலவும் ஆகும், துணியின் எடையும் வலுவும் சற்றுக் குறையும். அதனால் ஆர்டர் கொடுப்பவர் எந்த விலைக்கு எந்தத் தரம் கேட்கிறார் என்பதே இதில் முடிவு செய்கிறது. உராய்வுச் சோதனையில் துணியின் முகத்துக்கு 5 முதல் 1 வரை மதிப்பெண் போடும் முறையும் இருக்கிறது. ஏற்றுமதி ஆவணங்களில் இருக்கும் அந்த எண், கடையில் தொங்கும் சட்டையின் அட்டையில் இருப்பதில்லை.

அந்த எண் அட்டைக்கு வரும்வரை வேலை வீட்டில்தான். கிராப்பரின் முறையே இங்கும் செல்லும்: துணியைச் சமமான பரப்பில் சுருக்கமின்றி விரித்து, உருண்டையை மட்டும் வெட்ட வேண்டும். கையால் பிய்த்தால் அதன் வேரிழைகள் உள்ளிருந்து புதிய முனைகளை இழுத்துக்கொண்டு வரும், அடுத்த உருண்டைக்கு அதுவே வித்து. நல்ல கம்பளியில் தளர்ந்த இழைகள் ஓரளவே இருக்கும் என்பதால், சில தடவை வெட்டியபின் உருண்டைகள் குறைந்துவிடும். பாலியஸ்டரோ அக்ரிலிக்கோ கலந்த பின்னலில் அந்த ஓய்வு கிடைக்க வெகுநாள் ஆகும்.