தர்மத்துக்கு ஒரு தேதி

சங்கப் பதிவு, வரிவிலக்கு, வெளிநாட்டு நிதி என்று பேச்சு வந்தாலே நம் தோழர்கள் பலர் “அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாரு” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கக் கூடாத இடம் அது. இந்தச் சட்டங்களின் வரலாற்றைக் கிளறிப் பார்த்தால், சொத்து சேர்த்தவனின் தர்மத்துக்கு ஒரு வழியும், சொத்து மறுக்கப்பட்டவனின் தர்மத்துக்கு வேறொரு வழியும் போட்டிருப்பது தெரியும்.

1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி, இலக்கியம், அறிவியல், அறம் ஆகிய நோக்கங்களுக்காக ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். 1924இல் பம்பாயில் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா இந்தச் சட்டத்தின் கீழ்தான் பதிவானது. மாணவர் விடுதி நடத்துவதும், தீண்டப்படாதவர்களின் குறைகளை அரசின் முன் வைப்பதும் அந்த ஒரே சபையின் வேலைகள். சோறு வேறு, உரிமை வேறு என்று அவர் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தது பின்னால் வந்த சட்டங்கள்.

1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், மத நோக்கத்துக்கும் அற நோக்கத்துக்கும் எழுதிவைத்த சொத்தின் வருமானத்துக்கு விலக்கு அளித்தது. எது அறம்? ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், பொதுமக்களுக்குப் பயன்படும் பிற காரியங்கள். இதையேதான் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் எடுத்துக்கொண்டது. ஆனால் 13ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை போட்டது. ஒரு குறிப்பிட்ட மதப் பிரிவின் அல்லது சாதியின் நன்மைக்காக ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளைக்கு விலக்கு கிடையாது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அடுத்த சொல்லைப் பாருங்கள். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த “பிறகு” ஏற்பட்ட அறக்கட்டளைக்குத்தான் இந்தத் தடை. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1962 ஏப்ரல் 1. அதற்கு முன்பே சாதிக்கென்று எழுதிவைத்த சத்திரம், விடுதி, கல்வி நிதி எதையும் இந்தப் பிரிவு தொடாது. குடியரசாகி 12 வருசம் கழித்துப் போட்ட சட்டம், பழைய சாதி தர்மத்தைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துபோனது.

1962க்கு முன் யாரிடம் எழுதிவைக்கச் சொத்து இருந்தது? விருதுநகர் நாடார்கள் கடைக்குக் கடை மகமை வசூலித்து 1889இலேயே பள்ளி தொடங்கினார்கள். அவர்களும் கோயிலுக்குள் விடப்படாதவர்கள்தான். அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனா மகமை எடுக்கணும்னா கடை வேணும், சரக்கு வேணும். அன்னாடம் கூலி அளந்து வாங்குற பண்ணையாளு எதுல மகமை எடுப்பான்? 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் போன்றவர்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது.

“உங்களுக்குத்தான் விதிவிலக்கு இருக்கே” என்பார்கள். இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நன்மைக்காக அமைந்த அறக்கட்டளையைச் சாதி அறக்கட்டளையாகக் கருதக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கம் சொன்னது. நம் தோழர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய வரி அது. ஆனால் வரிவிலக்குக்கு முதலில் வருமானம் வேண்டுமே!

சரி, ஊர் ஊராக உண்டியல் குலுக்கிச் சேர்க்கலாம் என்றால், 2006இல் இன்னொரு விதி வந்தது. கொடுத்தவரின் பெயர், முகவரி இல்லாத நன்கொடைக்கு 30 சதவீத வரி. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள்: 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், எது அதிகமோ அதுவரை வரி இல்லை. ஆனால் முழுக்க மத நோக்கத்துக்கான அறக்கட்டளைக்கு இந்த வரி தொடக்கத்திலிருந்தே கிடையாது. கோயில் உண்டியலில் விழும் பணத்துக்குப் பெயர் வேண்டாம். சேரிப் பிள்ளைகளின் இரவுப் பள்ளிக்கு விழும் பத்து ரூபாய்க்கும் பெயர் எழுதி வைக்க வேண்டும்.

உள்ளூரில் நிதி இல்லாததால்தான் தலித் அமைப்புகள் பல வெளிநாட்டு நிதியை நம்பின. அதற்கான கடிவாளம் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் போடப்பட்டது. 2010இல் புதுச் சட்டமாக இறுகியது. குஜராத்தில் மார்ட்டின் மக்வான் தொடங்கிய நவ்சர்ஜன், 1,589 கிராமங்களில் தீண்டாமையைக் கணக்கெடுத்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. 2016 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் அதன் பதிவை ரத்து செய்தது. சாதிகளுக்கு இடையிலான நல்லிணக்கத்துக்குக் கேடு என்றார்கள். தீண்டாமையால் கெடாத நல்லிணக்கம், அதை எண்ணிச் சொன்னதால் கெட்டுவிட்டதாம்!

2020 திருத்தம் இன்னும் கீழே இறங்கியது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்து தரக் கூடாது என்றது. பெரிய அமைப்பு வழியாகக் கொஞ்சம் பணம் பெற்று நடந்த கிராமத்துச் சிறு சங்கங்களின் கழுத்தில் விழுந்தது அந்தக் கத்தி. 2022இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

ஆனால் அதே நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொன்ன ஒன்றையும் நாம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்சி அரசியல் நோக்கமில்லாமல் மக்கள் பிரச்சினைக்காக பந்த், ஹர்த்தால், மறியல் நடத்துகிற அமைப்பை, அந்த ஒரே காரணத்துக்காக அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தி நிதியை நிறுத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. 1924இல் அம்பேத்கர் பிரிக்க மறுத்ததைப் பிரிக்காமல் நடத்துவதற்கு மிச்சமிருக்கிற சட்ட இடம் இது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புது வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆடிட்டரிடம் போகட்டும், தப்பில்லை. ஆனால் சங்கக் கூட்டத்தில் பைலாவைப் படிப்பதுபோல இந்தச் சட்டத்தையும் உரக்கப் படிக்க வேண்டும். எந்தத் தேதிக்கு முந்தையவர்களை அது காப்பாற்றுகிறது, எந்தச் சொல்லில் நம்மை நிறுத்துகிறது என்பதை நாமே தேடிப் பார்க்கணும்.